சூட்கேஸில் வரும் குச்சி: வெளிநாட்டுச் செடி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் இருந்து துரியான் ஒட்டுக்குச்சி, வியட்நாமில் இருந்து டிராகன் பழத் தண்டு, வளைகுடா நாட்டில் இருந்து பேரீச்சைப் பக்கக்கன்று. "ஊருக்கு வரும்போது நாலு குச்சி கொண்டுவாப்பா" என்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனிடமோ மைத்துனரிடமோ சொல்லிவைப்பது இப்போது பல ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தால் செலவே இல்லையே என்று தோன்றும்.

அந்தக் குச்சியோடு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. பட்டையின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியின் முட்டைப்பை, சாற்றுக்குள் இருக்கும் வைரஸ், வேரில் ஒட்டிய மண்ணில் உள்ள நூற்புழு ஆகியவற்றை வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குச்சி காய்ந்துபோனால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். அது தழைத்து, கூடவே வந்ததும் தழைத்துவிட்டால் நஷ்டம் உங்கள் மாவட்டத்துக்கே.

இதைத் தடுக்கத்தான் 'பிளான்ட் குவாரன்டைன்' எனப்படும் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் இருக்கின்றன. வெளிநாட்டுச் செடியே வேண்டாம் என்று இந்த விதிகள் சொல்லவில்லை. முறையாகக் கொண்டுவர வழி இருக்கிறது. அந்த வழி என்ன, உள்ளூர் நர்சரியில் 'இம்போர்ட்டட்' கன்று வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று பார்ப்போம்.

நாம் ஏற்கெனவே கொடுத்த விலை

சேலம், நாமக்கல், தருமபுரி பகுதி மரவள்ளி விவசாயிகளுக்கு மாவுப்பூச்சியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகி, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகி நிற்கும் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த மரவள்ளி மாவுப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட மக்களைத் தவிக்கவிட்டது. 2008-ல் தாய்லாந்து. 2020-ல் கேரளத்தின் திருச்சூர். அங்கிருந்து தமிழகம்.

இந்தப் பூச்சியில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. கடல் தாண்டிப் பறந்து வர வழியே இல்லை. ஆனால், ஆண் துணை இல்லாமலேயே இனம் பெருக்கும். ஒரே ஒரு பூச்சி ஒட்டிய ஒரு விதைக்கரணை போதும், ஒரு நாட்டுக்கே புதிய பூச்சியைக் கொண்டுவந்து சேர்க்க. நெடுந்தூரப் பரவலுக்குக் காரணம் மனிதன் எடுத்துச் செல்லும் நடவுப்பொருள்தான்.

அதற்கு முன்பே பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இது, இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2008-ல், கோவையில். பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, காய்கறி, தோட்டத்துச் செம்பருத்தி வரை ஏறியது. உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. மீண்டும் மீண்டும் தெளித்ததில் காசும் போனது, நன்மை செய்யும் பூச்சிகளும் போயின. மல்பெரியில் மருந்தடித்தால் பட்டுப்புழு சாகும் என்பதால் பட்டு விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் பட்டியல் நீளும்:

- 1928-ல் நீலகிரியில் வாட்டில் மரங்களில் தென்பட்ட பஞ்சுச் செதில்பூச்சி.
- 1940-களில் இலங்கை வழியாகக் கேரளத்துக்கு வந்து, பிறகு நம் சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளின் விருப்பாட்சி வாழையைச் சிதைத்த முடிக்கொத்து நோய்.
- 1961-ல் உதகையில் கண்டறியப்பட்ட, உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு.
- 1990-ல் கூடலூரில் தென்பட்ட காபிக் காய்த்துளைப்பான்.
- 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் தொடங்கிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ.

இதில் உதகை நூற்புழு தனிப் பாடம். ஊசிமுனை அளவுள்ள ஒரு முட்டைக்கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். பயிரே இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். நீலகிரியில் இருந்து விதைக்கிழங்கை வெளி மாநிலங்களுக்கு அனுப்ப 1971-ல் தடை வந்தது. கண்டறிந்து 60 ஆண்டுகள் தாண்டியும் அந்த நூற்புழு மலையை விட்டுப் போகவில்லை. ஒரு பிடி மண்ணோடு வந்த தொல்லை, விதைக்கிழங்கு வியாபாரத்தையே ஒரு பகுதியிடம் இருந்து பறித்துவிட்டது. வெளிநாட்டு மண் ஒட்டிய செடிக்கு ஏன் அனுமதியே கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

எல்லாப் பூச்சியும் செடியோடுதான் வருகிறது என்று சொல்லவில்லை. மக்காச்சோளப் படைப்புழுவின் அந்துப்பூச்சி ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறக்கக்கூடியது. காற்றைத் தடுக்க சட்டத்தால் முடியாது. கையில் எடுத்து வருவதைத் தடுக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான மூலச் சட்டம் 1914-ம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம். அதன் கீழ் இப்போது நடைமுறையில் இருப்பது 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு (இந்தியாவுக்குள் இறக்குமதி ஒழுங்குமுறை) ஆணை. 2004 ஜனவரி முதல் இது அமலில் உள்ளது, அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஃபரிதாபாத்தில் தலைமையகம் கொண்ட மத்திய தாவரப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு மற்றும் சேமிப்பு இயக்ககம் இதை நிறைவேற்றுகிறது.

ஆணையின் சாரம் எளிது. ஒவ்வொரு பயிரும் எந்த நாட்டில் இருந்து, எந்த வடிவில், எதற்காக வருகிறது என்பதைப் பொறுத்து அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

நான்காம் அட்டவணை தடை செய்யப்பட்டவை. குறிப்பிட்ட நாடுகளில் இருந்து குறிப்பிட்ட பயிர் வரவே கூடாது. பிலிப்பைன்ஸில் கடாங்-கடாங், கரீபியன் பகுதியில் மரண மஞ்சளழுகல் என்று தென்னையைக் கொல்லும் நோய்கள் உள்ளன. இவற்றுக்கு மருந்து கிடையாது. அப்படிப்பட்ட பகுதிகளின் தென்னை நடவுப்பொருளுக்குக் கதவு அடைத்தே இருக்கும்.

ஐந்தாம் அட்டவணை கட்டுப்படுத்தப்பட்டவை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனங்கள் மட்டுமே கொண்டுவரலாம்.

ஆறாம் அட்டவணையில் இருப்பவற்றைத் தனியாரும் கொண்டுவரலாம். ஆனால் கூடுதல் உறுதிமொழியும் சிறப்பு நிபந்தனைகளும் உண்டு. நடவுக்காக வரும் பெரும்பாலான கன்றுகள், விதைகள் இதில்தான் அடங்கும்.

ஏழாம் அட்டவணை, உண்பதற்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் வரும் பொருட்களுக்கு. எட்டாம் அட்டவணை, தானியத்தோடு கலந்து வரக்கூடாத களை விதைகளின் பட்டியல். பார்த்தீனியம் எப்படி வந்து பரவியது என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலின் அருமை புரியும்.

உங்கள் பயிரும் நாடும் இந்த அட்டவணைகள் எதிலும் இல்லாவிட்டால், தாராளமாகக் கொண்டுவரலாம் என்று அர்த்தம் இல்லை. அதன் பூச்சி, நோய் இடர் ஆய்வு முடிந்து பட்டியலில் சேரும் வரை வரக்கூடாது என்றே அர்த்தம். பலர் தடுமாறும் இடம் இது.

முறையான வழி: படிப்படியாக

முதல் படி, தேடல். நீங்கள் விரும்பும் பயிரின் அறிவியல் பெயர், எந்த நாடு, என்ன வடிவம் (விதையா, வேர்விட்ட கன்றா, ஒட்டுக்குச்சியா, திசு வளர்ப்புக் கன்றா) ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணையில் இது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் உள்ள மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் கேட்கலாம். இதைச் செய்யாமல் வெளிநாட்டு நர்சரிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இரண்டாம் படி, தனிமை வளர்ப்பு இடம். நடவுப்பொருள் பலவற்றுக்கு, நாட்டுக்குள் வந்த பிறகும் குறிப்பிட்ட காலம் தனியாக வளர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயிரைப் பொறுத்து இந்தக் காலம் சில வாரமாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம். அதற்கான பூச்சி புகாத வலைக்கூடமோ தனித்த இடமோ உங்களிடம் இருக்க வேண்டும். நியமிக்கப்பட்ட ஆய்வு அதிகாரி அதை நேரில் பார்த்துச் சான்று தருவார். இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தச் சான்றை இணைக்க வேண்டும். கன்று வந்த பிறகு பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காது. அந்நாட்டு அதிகாரபூர்வ அமைப்பு சோதித்து, வைரஸ் இல்லை எனச் சான்றளித்த திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு இந்தத் தனிமை வளர்ப்பில் விலக்கு இருக்கிறது. செடி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

மூன்றாம் படி, இறக்குமதி அனுமதி. சரக்கு கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில்தான். அனுமதி யார் பெயரில் உள்ளதோ அவரே இறக்குமதி செய்ய வேண்டும். அடுத்தவருக்கு மாற்றித்தர முடியாது. அனுமதியில் எழுதிய பயிர், நாடு, காலக்கெடு எதுவும் மாறக்கூடாது. ஆய்வுக்கான மூலவித்துக்களுக்கு டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளங்கள் வாரியம் அனுமதி தருகிறது. மரபணு மாற்றப்பட்ட விதையாக இருந்தால் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலும் தேவை. வணிக நோக்கில் வரும் விதை, நடவுப்பொருள் பலவற்றுக்கு மத்திய வேளாண் துறையின் எக்ஸிம் குழுவின் பரிந்துரையும் கேட்கப்படும்.

நான்காம் படி, தாவர நலச் சான்று. 'பைட்டோசானிட்டரி சர்ட்டிஃபிகேட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு, சரக்கைப் பரிசோதித்துத் தருவது. விற்கும் நர்சரி தன் லெட்டர்பேடில் எழுதித் தருவது செல்லாது. நம் ஆணை அந்தப் பயிருக்கு எந்தெந்தப் பூச்சி, நோய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறதோ, அவை இல்லை என்ற கூடுதல் உறுதிமொழி அந்தச் சான்றிலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டுப்போனதால் துறைமுகத்தில் சரக்கு முடங்குவது உண்டு. கன்றை ஏற்றும் முன் சான்றின் நகலை வாங்கி, நம் அனுமதியில் உள்ள வாசகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி, நுழைவிடம். நடவுக்கான விதையும் செடியும் எல்லாத் துறைமுகம், விமான நிலையம் வழியாகவும் வர முடியாது. அதற்கென அறிவிக்கப்பட்ட இடங்கள் உண்டு. நம் மாநிலத்தில் சென்னை முக்கியமானது. அங்கே அதிகாரிகள் சரக்கைப் பார்த்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதிப்பார்கள். சரியாக இருந்தால் விடுவிப்பு ஆணை. பூச்சி இருந்தால் புகைமூட்டம் முதலிய சிகிச்சை. சிகிச்சை பலிக்காது என்றால் திருப்பி அனுப்புவார்கள் அல்லது அழிப்பார்கள். செலவு இறக்குமதி செய்தவருடையது.

பொதி கட்டிய பொருளும் கணக்கில் உண்டு. மண், மட்கிய குப்பை, வைக்கோல் வைத்துக் கட்டக் கூடாது. மரப்பெட்டியாக இருந்தால், உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தோ, அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையிலோ பதப்படுத்தி, அதற்கான சர்வதேச முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

ஆறாம் படி, தனிமை வளர்ப்பு. சான்று பெற்ற இடத்தில் கன்றுகளை வைத்து வளர்க்க வேண்டும். ஆய்வு அதிகாரி வந்து பார்ப்பார். புதிய நோய் அறிகுறி தெரிந்தால் அழிக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. இறுதி விடுவிப்பு கிடைக்கும் வரை ஒரு கன்றைக்கூட வெளியே எடுக்கவோ, பதியம் போடவோ, விற்கவோ கூடாது.

இவ்வளவு அலைச்சல் தேவையா?

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதையெல்லாம் தனியாகச் செய்வது கஷ்டம்தான். அதற்காகக் குறுக்கு வழி தேட வேண்டியதில்லை. நியாயமான வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகச் சேர்ந்து கொண்டுவருவது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அனுமதி, வலைக்கூடம் எல்லாம் ஒரே பெயரில் முடிந்துவிடும். செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று, நீங்கள் தேடும் செடி ஏற்கெனவே இங்கே இருக்கிறதா என்று பார்ப்பது. வெளிநாட்டுப் பழம் என்பதால் வெளிநாட்டுக் கன்றுதான் வேண்டும் என்பதில்லை. வெண்ணெய்ப்பழத்தில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.டி. 1 ரகம் இருக்கிறது. ரம்புட்டானில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கூர்க் அருண் இருக்கிறது. நம் தட்பவெப்பத்தில் வளர்த்துப் பார்த்து, நோய் கண்காணித்து, காய்ப்பை அளந்து வெளியிட்டவை இவை. பெட்டியில் வரும் குச்சிக்கு அந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது. அது எந்த ரகம் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. நட்டு நான்கைந்து வருடம் கழித்துக் காய்க்கும்போதுதான் தெரியும்.

நர்சரியில் கேட்க வேண்டிய கேள்விகள்

பெரும்பாலான விவசாயிகள் நேரடியாக இறக்குமதி செய்வதில்லை. 'தாய்லாந்து கன்று', 'இஸ்ரேல் கன்று' என்று சொல்லி உள்ளூரில் விற்பதை வாங்குகிறீர்கள். ஒரு கன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொன்னால், கீழ்க்கண்டவற்றின் நகலைக் கேளுங்கள்.

1. இறக்குமதி அனுமதி யார் பெயரில் இருக்கிறது? அதில் உள்ள அறிவியல் பெயரும் நாடும் சொல்லி விற்கும் பயிரோடு பொருந்துகிறதா?
2. வெளிநாட்டு அரசு அமைப்பின் தாவர நலச் சான்று இருக்கிறதா?
3. நுழைவிடத்தில் தந்த விடுவிப்பு ஆணையின் தேதி என்ன? எத்தனை கன்றுகள்? 500 கன்றுக்கு ஆணையை வைத்துக்கொண்டு 5,000 கன்று விற்கிறார்களா?
4. தனிமை வளர்ப்பு தேவைப்படும் பயிர் என்றால், அது முடிந்து இறுதி விடுவிப்பு கிடைத்துவிட்டதா?
5. இந்தியாவிலேயே உற்பத்தி செய்த திசு வளர்ப்புக் கன்று என்றால், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் தேசியச் சான்றளிப்புத் திட்டத்தின் கீழ் வைரஸ் சோதனைச் சான்று இருக்கிறதா?

முறையாகக் கொண்டுவந்த நர்சரிக்கு இந்தக் காகிதங்களைக் காட்டுவதில் தயக்கம் இருக்காது. மழுப்பினால் பணத்தை எடுக்காதீர்கள். பில்லில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குவதும் அவசியம்.

விமானத்திலும் தபாலிலும்

வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் நிரப்பும் சுங்க உறுதிமொழிப் படிவத்தில், விதை, செடி, பழம், பூ, நடவுப்பொருள் கொண்டுவருகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இருந்தால் 'ஆம்' என்று எழுதி அதிகாரியிடம் காட்ட வேண்டும். அனுமதி இல்லாத நடவுப்பொருளை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இணையத்தில் வாங்கும் விதைக்கும் இதே விதிதான். 2020-ல் பல நாடுகளில் யாரும் கேட்காமலே வீட்டுக்கு மர்ம விதைப் பொட்டலங்கள் வந்தன. நம் வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. அப்படி ஏதாவது வந்தால் விதைக்காதீர்கள். குப்பையிலும் வீசாதீர்கள், அங்கே முளைத்துவிடும். உறையோடு இன்னொரு பையில் போட்டுக் கட்டி, வட்டார வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

களப்பணியாளர்களுக்கு

புதிதாக ஒரு பூச்சியோ அறிகுறியோ தென்பட்டால், செடியோடு பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் பேருந்தில் எடுத்துவராதீர்கள். வழியெல்லாம் அதை நீங்களே பரப்புவீர்கள். முதலில் தெளிவான படம் எடுங்கள். பூச்சியைச் சாராயக் கரைசல் உள்ள சிறு குப்பியில் போட்டு மூடுங்கள். இடம், தேதி, பயிர், நடவுப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண் அறிவியல் நிலையம், வேளாண் பல்கலைக்கழகம், திருச்சியில் உள்ள மத்திய ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு மையம் ஆகியவற்றில் ஒன்றுக்கு உடனே தெரிவியுங்கள். ஒரு தோட்டத்தில் இருக்கும்போது பிடித்தால் அழித்துவிடலாம். ஒரு வட்டாரத்துக்குப் பரவிய பிறகு கூடவே வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

விதி நமக்காகவும் வேலை செய்தது

தாவரத் தொற்றுத்தடுப்பு என்றாலே தடுப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது எந்த மருந்தும் அல்ல. அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி. 2010-ல் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் (அப்போதைய பெயர் வேறு) போர்ட்டோ ரிகோவில் இருந்து அதை வரவழைத்தது. உயிருள்ள பூச்சிக்கும் இதே ஆணையின் கீழ் அனுமதி வேண்டும். தனிமைக் கூடத்தில் வளர்த்து, நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளுக்குத் தீங்கில்லை என்று பார்த்த பிறகே வயலில் விட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. மருந்தால் முடியாததை அது சில மாதங்களில் செய்து முடித்தது.

மரவள்ளியிலும் அதே கதை. ஆப்பிரிக்காவில் அந்த மாவுப்பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற குளவியை, பெனின் நாட்டில் இருந்து முறைப்படி வரவழைத்து, தனிமையில் சோதித்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

நன்மை செய்யும் குளவியே அனுமதிக்கும் சோதனைக்கும் காத்திருந்துதான் உள்ளே வந்தது. மகன் கொண்டுவரும் குச்சிக்கு மட்டும் ஏன் விலக்கு? அடுத்த முறை வெளிநாட்டில் இருந்து போன் வரும்போது, "குச்சி வேண்டாம்ப்பா, அந்த ரகத்தின் பெயரை மட்டும் சரியாக எழுதிக் கொண்டுவா" என்று சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு முறையான வழியில் தேடலாம்.